இன்னொருவர் பணியிடத்தில் கிட்டார்

பகலில் கணக்குத் தணிக்கை, மாலையில் கிட்டார் என்று பல வருடங்களாக வாழ்ந்துவருகிறேன். முடிகிறபோதெல்லாம் உள்ளூர் ஜாம் இரவில், அதாவது வந்தவர்கள் ஒத்திகையின்றிச் சேர்ந்து வாசிக்கும் இரவில், மேடையேறுவேன். அந்த மேடைக்கென்று டிரம்ஸ், பேஸ், பியானோ என்று நிலையான ஒரு குழு உண்டு. மூவரும் இசையை வைத்தே குடும்பம் நடத்துபவர்கள். அந்த இரவுக்கு அவர்களுக்குச் சம்பளம் உண்டு. தாளில் பெயர் எழுதிவிட்டு ஏறி வாசிக்கும் எங்களுக்குக் கிடையாது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அங்கே நடப்பது எல்லாமே வேறு மாதிரி தெரியும். எனக்கு அது ஆசைக்கு வாசிக்கும் இடம். அவர்களுக்கு அது பணியிடம். ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கும் இடத்துக்குள் நான் கிட்டாரோடு நுழைகிறேன்.

அவர்கள் எங்களுக்கு முன்பே வந்துவிடுவார்கள். ஒலிபெருக்கிகளைச் சரிபார்த்துவிட்டு, தாளில் உள்ள பெயர்களைப் படித்து, யாருக்குப் பின் யாரை ஏற்றலாம் என்று பேசிக்கொள்வார்கள். முதல்முறையாக வந்திருப்பவரை, அதிரடியாக வாசித்துக் கைதட்டல் வாங்கும் ஒருவருக்கு அடுத்து ஏற்ற மாட்டார்கள். பாட்டு தெரியாமல் யாரும் தனியாக மாட்டிக்கொள்ளாதபடி ஆட்களைச் சேர்ப்பார்கள். பார்வையாளர்கள் வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

பாட்டு ஓடும்போது பேச நேரமில்லை, அதனால் கையால் பேசுவார்கள். விரல்கள் பாட்டின் சுருதியைச் சொல்லும். அதில் எத்தனை சுரங்கள் அரைச் சுரம் இறங்கியவை (ஃப்ளாட்) என்றால் கீழ்நோக்கி அத்தனை விரல், ஏறியவை (ஷார்ப்) என்றால் மேல்நோக்கி. மூன்று விரல் கீழே என்றால் ஈ ஃப்ளாட். ஒரு விரல் மேலே என்றால் ஜி. உச்சந்தலையைத் தட்டினால் பாட்டின் மூல மெட்டுக்குத் திரும்ப வேண்டும். நான்கு விரல் காட்டினால், டிரம்ஸும் மற்றவர்களும் நான்கு பார் (ஒரு பார் என்பது பெரும்பாலும் நான்கு அடி கொண்ட தாள அளவு) வீதம் மாறி மாறி வாசிக்கப்போகிறார்கள். இதோடு 12 பார் ப்ளூஸ் என்ற பாட்டு அமைப்பும் தெரிந்திருந்தால் போதும், முன்பின் தெரியாத நான்கைந்து பேர் ஒத்திகையே இல்லாமல் ஒரு முழுப் பாட்டை வாசித்து முடித்துவிடலாம். அடிப்படையில் மூன்றே கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள். ஐந்தாவது பாரில் ஒரு நகர்வு, ஒன்பதாவதில் இன்னொன்று, அப்புறம் தொடங்கிய இடத்துக்கே வருவது. இவ்வளவு எளிய சட்டகத்துக்குள் இத்தனை பேர் இத்தனை காலமாகப் புதிதாக ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஒரு இரவு ஒரு பெண் பாட வந்தார். அவரும் வேறு வேலை பார்ப்பவர், நல்ல குரல். எடுத்தது 32 பார் கொண்ட பழைய ஜாஸ் பாட்டு. எட்டு எட்டு பாராக நான்கு பகுதிகள், மூன்றாவது பகுதிக்கு மட்டும் வேறு மெட்டு. அந்த மூன்றாவது பகுதியை அவர் இரண்டு பார் முன்னதாகவே எடுத்துவிட்டார். வீட்டில் பதிவு செய்த பின்னணி இசையோடு பாடும்போது இப்படி நடந்தால் பாட்டு அங்கேயே உடையும், ஏனென்றால் பதிவு யாருக்காகவும் நகராது. இங்கே நகர்ந்தது. அவர் மூச்சு இழுத்தபோதே பேஸ் வாசிப்பவர் நிமிர்ந்து பார்த்தார். முதல் சொல் விழுந்த அடியிலேயே அவருடைய விரல் புதிய கார்டில் இருந்தது. அரை பாருக்குள் பியானோவும் வந்து சேர்ந்தது. டிரம்ஸ்காரர் சிம்பலில் ஓங்கி ஒன்று வைத்தார், பகுதி தொடங்க வேண்டிய இடமே அதுதான் என்பதுபோல. நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன். பாடியவர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டே இருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இடைவேளையில் பேஸ் வாசிப்பவரிடம், எப்படி அவ்வளவு சீக்கிரம் தெரிந்தது என்று கேட்டேன். அவர் என்னைவிட வயதில் நிறைய மூத்தவர்.

“மூச்சு எடுக்கிற விதத்துலயே தெரிஞ்சுடும் தம்பி. அவங்க எங்க வந்தாங்களோ அதுதான் முதல் பார். நம்ம எண்ணிக்கை சரின்னு யாருகிட்ட நிரூபிக்கணும்?”

அந்தப் பதில் என்னை ரொம்ப நாள் விடவில்லை. என் தொழில் பிழையைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பது. எந்தத் தொகை எங்கே ஒத்துப்போகவில்லை என்று காட்டினால் என் பொறுப்பு ஏறக்குறைய முடிந்தது. பேஸ் வாசிப்பவரோ பிழையை என்னைவிடப் பல மடங்கு வேகமாகக் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்த அதே நொடியில் அதற்குக் கீழே தரையைப் போட்டுவிடுகிறார். அதற்காக அதைச் சொல்லாமல் மூடி மறைப்பதும் இல்லை. அன்று கூட்டம் கலைந்த பிறகு பியானோ வாசிக்கும் பெண் அந்தப் பாடகியைப் பக்கத்தில் உட்கார வைத்து, மூன்றாவது பகுதிக்கு முன் டிரம்ஸில் என்ன வரும், அதை எப்படிக் காதில் பிடிப்பது என்று பொறுமையாக வாசித்துக் காட்டினார். மேடையில் காப்பாற்றினார்கள், தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டும் அவர்களுக்கு வேலையின் பகுதிதான்.

ஜாம் எப்போதும் இவ்வளவு கனிவாக இருந்ததில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஹென்றி மின்டன் என்ற சாக்ஸபோன் கலைஞர் 1938இல் மின்டன்ஸ் பிளேஹவுஸைத் திறந்தார். 1940களின் தொடக்கத்தில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கும் டிரம்ஸ் கலைஞர் கென்னி கிளார்க்கும் அங்கே நிலையான குழுவில் இருந்தார்கள். டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி, கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் போன்றவர்கள் பெரிய குழுக்களில் சம்பள வேலை முடித்துவிட்டு நள்ளிரவுக்கு மேல் வந்து வாசிப்பார்கள். வாசிக்கத் தெரியாதவர்களை விலக்குவதற்காகவே கார்டுகளைக் கடினமாக மாற்றி வாசித்ததும் உண்டு. பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணி வளர்ந்ததில் அந்த இரவுகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, மறுக்க முடியாது. கான்சஸ் சிட்டியில் பின்னாளில் புகழ்பெற்ற சாக்ஸபோன் கலைஞரான, அப்போது பதின்வயதில் இருந்த சார்லி பார்க்கரின் காலடியில் டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் சிம்பலை வீசி அவரை மேடையிலிருந்து இறக்கிய கதையையும் இசைக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். அவமானம்தான் அவரை மேதையாக்கியது என்று அதற்கு விளக்கம் கொடுப்பார்கள். நான் அதை நம்பவில்லை. அவரை உருவாக்கியது அதற்குப் பிறகு அவர் செய்த பயிற்சி. அவமானப்பட்டு, வாத்தியத்தை மூடி வைத்துவிட்டுப் போனவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

அந்தக் காலத்துச் செய்தி இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. உறுப்பினர்கள் ஊதியமில்லாமல் ஜாமில் வாசிப்பதை அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் தடுத்திருந்தது, மீறினால் அபராதம். மின்டன் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர் என்பதால் அவருடைய இடத்தில் கெடுபிடி குறைவாக இருந்தது. விதி கடுமையானதுதான், ஆனால் அதன் பின்னால் இருந்த கவலை நியாயமானது. ஒருவர் சும்மா வாசித்தால், அதை வைத்துப் பிழைப்பவரின் கூலி குறையும். சில காலம் முன்பு வேறொரு இடத்தில், “நீங்க ஆசைக்குத்தானே சார் வாசிக்கிறீங்க, வாரம் ஒரு நாள் இங்க வந்து வாசிங்களேன்” என்று கேட்டார்கள். கேட்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அது ஜாம் இல்லை. ஒரு குழுவுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை. முடியாது என்று சொல்லி, பேஸ் வாசிப்பவரைக் கேட்டுக்கொண்டு அவருடைய எண்ணைக் கொடுத்தேன்.

வாசிப்பிலும் இதே போன்ற ஒரு கணக்கு இருக்கிறது. பியானோ, கிட்டார் இரண்டுமே கார்டு வாசிக்கும் வாத்தியங்கள். இரண்டும் ஒரே சுருதி எல்லைக்குள் முழுக் கார்டுகளை நிரப்பினால் பேஸின் மேல்சுரங்கள் மூழ்கிவிடும், பாடுபவருக்கும் இடம் இருக்காது. பியானோ வாசிப்பவர் ஒரு நாள் சொன்னார்: “அண்ணா, நடு ரெண்டு கம்பி மட்டும் போதும். மூணாவது சுரமும் ஏழாவதும் வாசிங்க. கார்டு மேஜரா மைனரான்னு அதுலயே தெரிஞ்சுடும். மீதிய நான் பாத்துக்கிறேன்.” கிட்டார் கலைஞர் ஃப்ரெடி கிரீன், கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் 1937இல் சேர்ந்து, 1987இல் இறக்கும்வரை ஏறக்குறைய 50 ஆண்டுகள் இப்படித்தான் வாசித்தார். பாருக்கு நான்கு அடி, மிகச் சில சுரங்கள், தனி வாசிப்பு என்பது அபூர்வம். அவர் வாசிப்பைத் தனியாகப் பிரித்துக் கேட்பது கஷ்டம். ஆனால் அந்தக் குழுவின் நடை அவர் கையில் இருந்தது.

இரண்டு கம்பிக்கு இறங்கிய பிறகு எனக்குக் காது திறந்தது என்றே சொல்வேன். கை குறைவாக வேலை செய்யும்போது டிரம்ஸின் ஹை-ஹாட், அதாவது காலால் மிதிக்கும் ஜோடிச் சிம்பல், இரண்டாவது அடியிலும் நான்காவதிலும் விழுவது தெளிவாகக் கேட்கிறது. பேஸ் அடுத்த கார்டுக்கு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முன்கூட்டியே தெரிகிறது. ஒலி அளவும் அப்படித்தான். மேடையில் தன் வாத்தியம் கேட்கவில்லையென்றால் நம் கை தானாக ஆம்ப்ளிஃபையர் குமிழுக்குப் போகும். டிரம்ஸ்காரரோ தனக்குப் பாடகி கேட்கவில்லையென்றால் குச்சியை வைத்துவிட்டு மென்மையாக ஒலிக்கும் பிரஷ்ஷை எடுப்பார்.

இப்போது வீட்டில் அதே 32 பார் பாட்டைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன், வெவ்வேறு சுருதிகளில். அந்தப் பாடகி மறுபடி வருகிறாராம். அவருடைய குரலுக்கு ஈ ஃப்ளாட் பொருந்தும், தயாராக இருங்கள் என்று பியானோ வாசிப்பவர் சொல்லியிருக்கிறார். கிட்டாரில் அதற்கு வெறுங்கம்பிகள் அவ்வளவாக உதவாது, எல்லாவற்றையும் அழுத்திப் பிடித்தாக வேண்டும். நடுப்பகுதி இன்னும் விரலுக்குப் பழகவில்லை.