எப்போதும் அப்பாவாகவே: லீ ஜே. காப்பைப் பார்த்த இரவுகள்

மார்ச் 4
ராத்திரி மறுபடியும் ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’, 1957 படம். எல்லாருக்கும் ஹென்றி ஃபோண்டா என்றால் எனக்கு லீ ஜே. காப் நடித்த அந்த மூன்றாம் ஜூரர்தான் (வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேரில் ஒருவர்). கடைசிவரை மசியாதவர், மேசையில் விழுந்த மகனின் போட்டோவைக் கிழித்துவிட்டுக் குலுங்கி அழுவாரே, அங்கே எப்போதும் தொண்டை அடைக்கும்.

தண்ணீர் குடிக்க வந்த அம்மா நின்று பார்த்துவிட்டு, “இவரு அந்தப் பேய்ப் படத்துல வர்ற போலீஸ்காரர்தானே?” என்றாள். ‘எக்ஸார்சிஸ்ட்’ 1973இல் வந்தது. நடுவில் பதினாறு வருஷம். அம்மா கண்ணுக்குத் தப்பாது.

மார்ச் 5
நியூயார்க்கில் 1911 டிசம்பரில் பிறந்த யூதப் பையன். 1935இல் ‘குரூப் தியேட்டர்’ நாடகக் குழுவில் சேர்ந்தார். 1939இல் வந்த ‘கோல்டன் பாய்’ படத்தில் வில்லியம் ஹோல்டனுக்கு அப்பா. மகனுக்கு 21 வயது, அப்பாவுக்கு 27! ஒப்பனை பாதி, அந்தக் கனத்த குரல் மீதி.

மார்ச் 8
‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகம். 1949 பிப்ரவரி 10, நியூயார்க்கின் மொராஸ்கோ அரங்கம், இயக்கம் இலியா கசான். நாயகன் வில்லி லோமனுக்கு 63 வயது, நடித்த காப்புக்கு 37. நாடகத்தை எழுதிய ஆர்தர் மில்லர் மனதில் இருந்தவன் குள்ளமான ஆள். ஒருவன் வில்லியை ‘இறால்’ என்று கேலி செய்வதாக எழுதியிருந்தார். (நாமாக இருந்தால் சுண்டைக்காய் என்போம்.) மலைபோல காப் வந்து நின்றதும் இறால் ‘வால்ரஸ்’ (தந்தமுள்ள பெரிய கடல் விலங்கு) ஆகிவிட்டது.

அந்த மேடையை இனி யாரும் பார்க்க முடியாது. நான் பார்த்தது 1966இல் தொலைக்காட்சிக்காக எடுத்தது. மேடையில் மனைவியாக நடித்த மில்ட்ரெட் டன்னக்தான் இதிலும். பதினேழு வருஷம் கழித்தும் காப்புக்கு வில்லியின் வயது வரவில்லை. ஆனால் தோள் மட்டும் எப்போதோ தொங்கிவிட்டது.

மார்ச் 9
தள்ளிப்போட்ட பக்கம். கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் 1951இல் காப்பின் பெயரைச் சொன்னவர் நடிகர் லாரி பார்க்ஸ். காப் இரண்டு வருஷம் பிடிகொடுக்காமல் இருந்தார். வேலையில்லை, காசில்லை, மனைவிக்கு உடம்பு சரியில்லை. 1953இல் போய் 20 பேரின் பெயரைச் சொன்னார். அவர் நிலைமையைப் படித்தால் திட்ட வாய் வரவில்லை. ஆனால் அந்த 20 பேர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டியிருந்ததே.

மார்ச் 10
கரண்ட் இல்லை. படமும் இல்லை.

மார்ச் 12
‘ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்’, 1954. இயக்கிய கசான், எழுதிய பட் ஷுல்பர்க், நடித்த காப், மூவருமே அந்தக் குழு முன் பெயர் சொன்னவர்கள். படத்தில் சாட்சி சொல்பவன் நாயகன். அவன் யாருக்கு எதிராகச் சொல்கிறானோ, அந்தத் துறைமுக தாதாதான் காப்! கடைசியில் தொழிலாளிகள் கண்டுகொள்ளாமல் கடந்துபோக, தனியாக நின்று கத்துகிறார். யாரைப் பார்த்துக் கத்துகிறார் என்று அந்த மார்ச் 9 பக்கத்தைப் படித்த பிறகு எனக்குக் குழப்பம்.

இதற்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது இல்லை. அடுத்த வருஷம் மாரடைப்பு. மூன்றாம் ஜூரராகக் கத்தியதெல்லாம் அதிலிருந்து எழுந்து வந்த பிறகு!

மார்ச் 15
1968இல் நியூயார்க் மேடையில் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன். இன்னொரு அப்பா. 1976 பிப்ரவரி 11இல் மறுபடி மாரடைப்பு, அதோடு போய்விட்டார். வயது 64, வில்லியைவிட ஒன்று கூட. மொராஸ்கோவையும் 1982இல் இடித்துவிட்டார்கள்.

நாளைக்கு ‘எக்ஸார்சிஸ்ட்’. அம்மாவும் பார்க்கிறாளாம். லைட்டை அணைக்கக் கூடாதாம்.