30 வாட்டில் தொடங்கி 15 வாட்டில் முடிந்த தேடல்

ஐந்து வருடம் நான் ஆம்ப், அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி, இல்லாமலேயே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். ரிசெப்ஷன் கச்சேரி என்றால் காலால் மிதித்து ஒலியை மாற்றும் ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடல், அதிலிருந்து ஒரு வயர் நேராக மிக்சருக்கு. சவுண்ட்காரர் மானிட்டரில் எவ்வளவு தருகிறாரோ அவ்வளவுதான் என் கிட்டார் எனக்குக் கேட்கும். பல மேடைகளில் அதுவும் கிடையாது. விரல் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று நம்பி வாசித்துவிட்டு, சாப்பிட்டுக் கிளம்பிவிடுவோம்.

வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் பதிவுக்குப் போனபோது அங்கே ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற டியூப் ஆம்ப் ஒன்று இருந்தது. அதுதான் வினை. மெதுவாக மீட்டினால் கண்ணாடி மாதிரி சுத்தம். அதே கம்பியைக் கொஞ்சம் அழுத்தி அடித்தால் ஓரத்தில் கரகரப்பு ஏறுகிறது. இடையில் எந்த ஸ்விட்சையும் மிதிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பெடலை மாட்டினால் ஏதோ போட்டோவைப் பார்த்துப் பேசுவது போலிருந்தது.

சரி, டியூப் ஆம்ப், அதாவது பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வில் ஓடும் ஆம்ப், வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். மேடைக்கும் வேண்டும், வீட்டில் பதிவு செய்யவும் வேண்டும், செலவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. கல்யாண மண்டபம் பெரிசு, அதனால் குறைந்தது 30 வாட்டாவது வேண்டும் என்று நானே கணக்கும் போட்டுக்கொண்டேன். இந்தக் கணக்குதான் என்னை மூன்று மாதம் அலைய வைத்தது.

முதலில் பார்க்கப் போனது வாக்ஸ் கம்பெனியின் 30 வாட் ஆம்பான பழைய ஏசி30 ஒன்று. அதை வைத்திருந்தவர் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆம்ப் 32 கிலோ இருக்கும் என்றார். அரிசி மூட்டையாக இருந்தால் தோளில் போடலாம், இதற்கு மேலே கைப்பிடிதான். வால்யூமைக் கால் பங்குகூடத் திருப்பியிருக்க மாட்டேன், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த அளவில் அது அழகாகவும் இல்லை. மெல்லிசாக, தூங்கி எழுந்தது மாதிரி ஒலித்தது. "இன்னும் ஏத்துங்க சார், அப்பதான் பேசும்" என்றார். ஏற்றினால் தெருவே பேசும்.

திரும்பி வரும் வழியில்தான் யோசித்தேன். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 10 மடங்கு வாட் வேண்டும். ஆக, 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் சத்தத்தில் பெரிய தூரமில்லை, சுமப்பதில்தான் இருக்கிறது. வாக்ஸ் முதலில் செய்ததும் 15 வாட் ஆம்ப்தான், 1958-இல். இங்கிலாந்தின் தி ஷேடோஸ் போன்ற இசைக்குழுக்களுக்கு ரசிகர்களின் கூச்சலைத் தாண்டிச் சத்தம் தேவைப்பட்டதால் 30 வாட் வந்தது. அன்றைக்கு மேடையில் பாடகருக்கு மட்டும்தான் மைக். கிட்டார் தன் ஆம்பை வைத்தே அரங்கை நிரப்பியாக வேண்டும். இன்றைக்கு எங்கள் சவுண்ட்காரர் தவிலுக்கே நாலு மைக் வைக்கிறார். ஆம்ப் எனக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும், மண்டபத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

நடுவில் ஒரு வலை. அமெரிக்காவிலிருந்து ஒருவர் கொண்டுவந்த ஆம்ப், பாதி விலை. பின்பக்கம் 120 வோல்ட் என்று எழுதியிருந்தது. "ஸ்டெப் டவுன் போட்டுக்கலாம் பாஸ்" என்றார், நம் ஊர் வோல்டேஜைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் சொன்னார். போடலாம்தான், ஆனால் அது வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸை அமெரிக்காவின் 60 ஆக்காது. 60-க்கென்று கணக்காகச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடாகும். சென்னை மே மாதத்தில், ஏசி இல்லாத மேடையில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வாசிக்க என்னால் முடியாது. கூடவே எட்டு கிலோ டிரான்ஸ்ஃபார்மரை வேறு யார் தூக்குவது? விட்டுவிட்டேன்.

மனசு டீலக்ஸ் ரிவெர்பில்தான் இருந்தது. 22 வாட், 6வி6 வால்வு இரண்டு, 19 கிலோ. பெடல் வைத்து வாசிப்பவர்களுக்கு அதைவிட நல்லது சொல்லத் தெரியாது. ஆனால் அதில் மாஸ்டர் வால்யூம், அதாவது கரகரப்பை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் குறைக்கும் குமிழ், இல்லை. ஆம்பின் சொந்தக் கரகரப்பு வேண்டுமானால் சத்தமும் கூடவே வரும். மேடைக்குச் சரி, என் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குச் சரிப்படாது. விலையும் எட்டவில்லை. ஃபெண்டரின் சின்ன ஆம்பான ப்ளூஸ் ஜூனியரையும் வாசித்தேன். தூக்க எளிது, ஆனால் பெட்டி சின்னதாக இருப்பது ஒலியிலேயே தெரிகிறது. அது என் காது, உங்களுக்கு வேறாகத் தோன்றலாம்.

கடைசியில் அமைந்தது வாக்ஸின் 15 வாட் ஆம்பான ஏசி15, பயன்படுத்தியது. இஎல்84 வால்வு இரண்டு, கிரீன்பேக் என்ற ரகத்தில் 12 அங்குல ஸ்பீக்கர், மாஸ்டர் வால்யூம், 22 கிலோ. கீழ்த்தளம் வரை நானே இறக்கிவிடுவேன். பவர் வால்வு மாற்றினால் பயஸ், அதாவது வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு, திருத்த வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம். எங்கள் பக்கம் டியூப் ஆம்பைத் திறந்து பயஸ் வைக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

வாங்கி இரண்டாவது வாரம், ஒவ்வொரு ஸ்வரத்துக்குப் பின்னாலும் டம்ளரைச் சுண்டியது மாதிரி 'ணிங்' என்று ஒரு ஒலி. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விசாரித்து, வால்வு ரேடியோ காலத்திலிருந்து வேலை பார்க்கும் ஒரு பெரியவரைப் பிடித்தேன். கிட்டாரே வேண்டாம் என்றார். ஆம்பை ஓடவிட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு வால்வாகத் தட்டினார். கிட்டாரின் ஒலியை முதலில் வாங்கும் சின்ன வால்வான 12ஏஎக்ஸ்7-ஐத் தட்டியதும் அந்தத் தட்டல் ஸ்பீக்கரில் மணி அடித்தது. "இது மைக் ஆயிடுச்சு தம்பி. மாத்திடு." இஎல்84-ஐக் காட்டி, "நம்ம பழைய ரேடியோல போட்ட அதே வால்வுதான் இது" என்று சிரித்தார். உள்ளே திறப்பதற்கு முன் ரெசிஸ்டர் கோத்த ஒரு கிளிப்பை மாட்டி கெப்பாசிட்டரில் தேங்கியிருந்த மின்சாரத்தை இறக்கினார், இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும், இரண்டு கையும் உள்ளே இருந்தால் அது நெஞ்சு வழியாகப் போகும் என்றார். அன்றிலிருந்து நான் ஸ்க்ரூ டிரைவரோடு அந்தப் பக்கம் போவதில்லை.

வால்வு வாங்கப் போனால் அது வேறு கதை. 2022 மார்ச், ரஷ்யா-உக்ரைன் போர் தொடங்கியிருந்தது. உலகத்துக்கு இப்போது வால்வு செய்து தருவது பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா மூன்றும்தான். ரஷ்யாவின் சராத்தோவ் வால்வு ஆலையின் சரக்கு நிற்கப்போகிறது என்ற செய்தி வந்ததும் விலை ஏறிவிட்டது. ஸ்லோவாக்கியாவின் ஜேஜே கம்பெனி 12ஏஎக்ஸ்7 ஒன்று கிடைத்தது. கூடவே ஒரு ஜோடி இஎல்84-ஐயும் வாங்கி, பழைய சாக்ஸுக்குள் சுருட்டி கிட்டார் பையில் வைத்தேன்.

மேடையில் முதல் இரண்டு கச்சேரி சொதப்பல். ஆம்ப் தரையில், என் முழங்காலுக்குப் பின்னால். எனக்கு மந்தமாகக் கேட்கவே டிரெபிளை ஏற்றிக்கொண்டே போனேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் காதைத் தேய்த்துக்கொண்டார்கள். ஸ்பீக்கர் டார்ச் லைட் மாதிரி, நேர் எதிரே இருப்பவருக்குத்தான் முழுசாக அடிக்கும். இப்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துக் கொஞ்சம் சாய்த்துவிடுகிறேன். இந்த ஆம்பில் 'டோன் கட்' என்று ஒரு குமிழ் உண்டு, அது தலைகீழ்: திருப்பத் திருப்பக் கூர்மை குறையும். அது புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

வீட்டுப் பதிவுக்கு பீரோதான் ஸ்டூடியோ. கதவைத் திறந்து, பட்டுப்புடவை அடுக்குக்கு எதிரே ஆம்பை வைத்து, நடுவில் எஸ்எம்57 மைக். ஸ்பீக்கரின் நடு மூடி முடியும் ஓரத்துக்கு நேராக வைத்தால் ஊசி மாதிரி ஒலி. இரண்டு விரற்கடை வெளியே தள்ளினால் சதைப்பிடிப்பு வருகிறது. அந்த இரண்டு விரற்கடை செய்யும் வேலையை எந்தக் குமிழும் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு மாமா மேலே வந்தார். "தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா அதே வரியை முப்பது தடவை வாசிக்கிறியே?" அதன் பிறகு ஒரு லோட் பாக்ஸ் வாங்கினேன். ஸ்பீக்கருக்குப் பதில் அது சுமையை ஏற்றுக்கொள்ளும், ஒலி ஹெட்ஃபோனுக்கு வரும். ஸ்பீக்கரும் இல்லாமல் லோடும் இல்லாமல் டியூப் ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் காலி, அதனால் பவர் போடும் முன் பின்பக்க வயரை இருமுறை பார்த்துவிடுவேன். பீரோவில் வரும் காற்று மட்டும் ஹெட்ஃபோனில் வருவதில்லை. முக்கியமான பாட்டு என்றால் மாமா ஊருக்குப் போகும் நாளாகப் பார்த்து வாசிக்கிறேன்.

போன மாதம் தாம்பரம் பக்கம் ஒரு ரிசெப்ஷன். சோலோ நடுவில் நீளமாக ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடித்திருந்தபோது கரண்ட் போனது. கீபோர்டு, மிக்சர், விளக்கு எல்லாம் ஒரே நொடியில் செத்தன. ஆம்ப் மட்டும், வால்வின் சூடும் கெப்பாசிட்டரில் மிச்சமிருந்ததும் தீரும்வரை, அந்த ஸ்வரத்தை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு போய் இருட்டில் நிறுத்தியது. டிரம்ஸ்காரர் சிம்பலைக் கையால் பிடித்துக்கொண்டு, "டேய், அதை அப்படியே ரெக்கார்ட் பண்ணியிருக்கலாம்டா" என்றார். ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது.