ஐப்பசியில் தார்: பாலைவனத்தில் எங்கே கூடாரம் போடலாம்?

ராஜஸ்தானில் தார் பாலைவனத்துக்குப் போகிறோம் என்று சொன்னதும் காட்பாடியில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: இங்கே இல்லாத வெயிலா அங்கே இருக்கு? மே மாதத்தில் போனால் நியாயமான கேள்வி. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் போகிற ரயில் பாதையில் பலோதி என்று ஓர் ஊர் வரும், 2016 மே 19 அன்று 51 டிகிரி அடித்த ஊர் அது.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை நாட்டிலேயே முதலில் விலகுவது மேற்கு ராஜஸ்தானிலிருந்துதான், செப்டம்பர் பாதியிலேயே ஆரம்பித்துவிடும். நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாவது வாரத்துக்கு மேல். அதனால் நாம் இங்கே குடையோடு அலைந்துகொண்டு, பாலாற்றில் தண்ணீர் வருகிறதா என்று பாலத்தில் நின்று எட்டிப் பார்க்கிற அதே வாரங்களில் அங்கே வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. அக்டோபரில் பகல் வெயில் இன்னும் கொஞ்சம் சுடும், 35 டிகிரி பக்கம் போகும். நவம்பர் வந்துவிட்டால் பகல் 30, ராத்திரி 13, 14 என்று இறங்கிவிடும். ஏலகிரியில்கூட அந்தக் குளிர் மார்கழியில்தான்.

நானும் மச்சானும் பெங்களூர் போய் அங்கிருந்து ஜோத்பூர் ரயில் பிடித்தோம். நீண்ட பயணம், புத்தகமும் புளிச்சோறும் இருந்தால் சமாளிக்கலாம். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் சாலையில் 280 கிலோமீட்டர் அளவு.

கூடாரம் என்றால் எல்லோரும் முதலில் சொல்வது சாம் மணல்மேடுகள்தான், ஜெய்சல்மேருக்கு மேற்கே 40 கிலோமீட்டர். கட்டில், மெத்தை, ஒட்டியே குளியலறை என்று வரிசை வரிசையாகக் கூடாரங்கள், சாயங்காலம் ஒட்டகச் சவாரி, ஜீப், ராத்திரி கல்பேலியா நடனம், அப்புறம் ஸ்பீக்கர். சின்னப் பிள்ளைகளோடோ வயதான அம்மா அப்பாவோடோ போகிறவர்களுக்கு சாம் நல்ல இடம். ஆனால் பாலைவனத்தில் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு தூரம் போகிறவர்கள் அங்கே தங்காதீர்கள். பக்கத்துக் கூடாரத்துப் பாட்டு உங்கள் கூடாரத்துக்குள் கேட்கும்.

குரிக்குப் போங்கள். ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே, கிட்டத்தட்ட அதே தூரம்தான். மண் சுவர் வீடுகள் உள்ள கிராமம், ஊர் முடிகிற இடத்தில் மணல் ஆரம்பம். நாங்கள் ஒரு வீட்டில் சொல்லி வைத்து, ஒட்டகத்தில் ரஜாயும் (பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வை) தண்ணீரும் ஏற்றிக்கொண்டு, கடைசி வீட்டு விளக்கு கண்ணுக்கு மறையும்வரை நடந்தோம். கூட வந்த பெரியவர் அங்கேயே சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டி, கம்பு ரொட்டி தட்டி, நெய் ஊற்றி, கேர், சாங்ரி என்ற இரண்டு பாலைவனக் காய்களைச் சேர்த்துச் செய்த பொரியலோடு கொடுத்தார். கம்பங்கூழ் குடித்து வளர்ந்த நமக்கு அந்த ரொட்டி அந்நியமே இல்லை.

அந்த சாங்ரி எந்த மரத்துக் காய் என்று கேட்டேன். எதிரில் நின்ற மரத்தைக் காட்டினார். சின்னச் சின்ன இலை, வளைந்த கிளை, முள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, நம்ம வன்னி மரம்! நம் பக்கம் சிவன் கோயில் பிரகாரத்தில் ஒற்றை மரமாக நிற்கும், சுற்றிவந்து கும்பிடுவோம், அதோடு சரி. அங்கே கேஜ்ரி என்று சொல்கிறார்கள், அதுதான் மாநில மரம், அதை நம்பித்தான் பிழைப்பே. இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும், காய் மனிதருக்கு, அதன் அடியில் விதைத்த கம்பு நன்றாக விளையும் என்பதால் வயல் நடுவிலேயே விட்டுவைக்கிறார்கள். 1730இல் ஜோத்பூர் பக்கத்துக் கேஜர்லி கிராமத்தில், அரண்மனை கட்டச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டும் என்று இந்த மரங்களை வெட்ட வந்தபோது, மரத்தையும் விலங்குகளையும் காப்பதை மதக் கடமையாகக் கொண்ட பிஷ்ணோய் சமூகத்தைச் சேர்ந்த அம்ருதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டார். அவர் பின்னால் உயிர் கொடுத்தவர்களையும் சேர்த்து 363 பேர். இதைக் கேட்ட பிறகு ராத்திரி முழுக்க அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீமைக் கருவேலம் அங்கேயும் பரவிக்கிடக்கிறது, நம் ஊர் ஏரிகளில் கிடக்கிற மாதிரியேதான், அதைப் பார்க்கத்தான் மனசு கஷ்டமாக இருந்தது.

ஒன்பது மணிக்கு மணலின் மேல்பக்கம் சில்லென்று ஆகிவிட்டது. விரலை உள்ளே விட்டால் இன்னும் சூடு இருந்தது, பகலெல்லாம் வாங்கிய வெயில். தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் அடிவானத்தில் மின்னிக்கொண்டிருந்தன, மற்றபடி மேலே பார்த்தால் நட்சத்திரம்தான், பால்வீதி உட்பட. "மாமா, இதுல எது கார்த்திகை?" என்று மச்சான் கேட்க, நட்சத்திரங்கள் இருந்த நெருக்கத்தில் தேடிக் காட்டவே நேரம் பிடித்தது.

சொந்தக் கூடாரம் எடுத்துப் போகிறவர்களுக்குச் சில விஷயம். மணலில் முளை நிற்காது. துணிப்பையில் மணலை நிரப்பி, கயிறு கட்டி, குழி தோண்டிப் புதைத்தால் நிற்கும். மேட்டு உச்சியில் போட்டால் காற்று, பள்ளத்தில் போட்டால் குளிர் அங்கேதான் வந்து தேங்கும், அதனால் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் கெட்டியான சமதரையாகப் பாருங்கள். செருப்பை, ஷூவை உதறாமல் காலில் போடாதீர்கள், தேளும் உண்டு, சுருட்டை விரியனும் உண்டு. இருட்டில் எழுந்தால் டார்ச் இல்லாமல் ஓரடிகூட வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர். கொண்டுபோன பிளாஸ்டிக் அத்தனையும் திரும்பி வர வேண்டும். குரியை ஒட்டித்தான் பாலைவன தேசியப் பூங்கா, 3,162 சதுர கிலோமீட்டர், கானமயில் என்ற பெரிய புல்வெளிப் பறவை கடைசியாக மிஞ்சியிருக்கிற இடங்களில் அதுதான் முக்கியமானது. மொத்தமே 150க்கும் குறைவு என்கிறார்கள். நமக்குக் கண்ணில் படவில்லை, பட வேண்டும் என்று துரத்தவும் கூடாது.

திரும்பும் வழியில் பலோதி பக்கத்துக் கீச்சன் கிராமத்தை விட்டுவிடாதீர்கள். மத்திய ஆசியா, மங்கோலியா பக்கமிருந்து கர்கரா கொக்குகள் ஆயிரக்கணக்கில் குளிர்காலத்துக்கு அங்கே வந்து இறங்கும், ஊர்க்காரர்கள் தானியம் போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள், குர்ஜா என்று பாசமாகச் சொல்கிறார்கள். காலையிலேயே போய்விட வேண்டும்.

தேதி குறிக்கும்போது ரயிலைப் பார்ப்பதற்கு முன்னால் காலண்டரில் அமாவாசையைப் பாருங்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டிப் போனால் வானம் கும்மிருட்டு, ஆனால் அந்த வாரம் ஜெய்சல்மேரில் கூட்டமும் வாடகையும் ஏறிவிடும். அதற்கு அடுத்த அமாவாசைதான் என் சிபாரிசு. அப்போது நல்ல போர்வையோடு ஒரு ஸ்வெட்டரும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.