யெவ்ரேய்ஸ்கா தெரு, நோவி சாத் (செர்பியா), ஏப்ரல்

ஏப்ரல் 11
அவளுடைய பரிசோதனை முடிவு இன்றும் வரவில்லை.

ஏப்ரல் 12
மருத்துவமனையிலிருந்து நடந்தே திரும்பினேன். யெவ்ரேய்ஸ்கா தெருவில் யூத ஜெப ஆலயத்தின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரோ ஒருவர் செல்லோவில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வில்லை எடுத்த பிறகும் அந்த ஸ்வரம் குவிமாடத்துக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. வாசலுக்கு மேலே எபிரேய எழுத்துகள்: இது எல்லா மக்களுக்குமான ஜெப வீடு. கால் நகரவில்லை. மணி ஆறாகிவிட்டது.

ஏப்ரல் 13
இன்று என்ன கிழமை என்று இரண்டு முறை கேட்டாள்.

ஏப்ரல் 16
அந்த ஜெப ஆலயத்தில் நடந்த கச்சேரிக்குப் போனேன். டிக்கெட்டை வீணாக்க வேண்டாம் என்று அவள்தான் அனுப்பிவைத்தாள்.

கட்டடக் கலைஞர் லிபோட் பௌம்ஹோர்ன் வரைந்து, 1909இல் கட்டி முடித்த கட்டடம். இரண்டாம் உலகப் போருக்கு முன் நோவி சாத்தில் சுமார் 4,000 யூதர்கள் இருந்தார்கள். போருக்குப் பின் மிஞ்சியது ஏறக்குறைய நான்கில் ஒருவர். அவர்களிலும் பலர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இவ்வளவு பெரிய கூடத்தை நிரப்ப ஆளில்லாமல் நகரத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டார்கள். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். பூட்டிக் கிடந்து இடிந்து விழுவதைவிட வயலின் ஒலிக்கட்டும்.

ஆனால் 1944 ஏப்ரலில் நகரத்து யூதர்களை அடைத்து வைத்ததும் இதே கூடத்தில்தான். இங்கிருந்து கொண்டுபோய், கடைசியில் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாம். எந்த மூலையில் யார் படுத்திருப்பார்கள்? குழந்தை தண்ணீர் கேட்டால் யாரிடம் போய் நின்றிருப்பார்கள்? வாசிப்பின் பாதி என் காதில் ஏறவே இல்லை. முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். என் கைகள் மடியிலிருந்து எழவில்லை.

ஏப்ரல் 17
மழை. முடிவு வரவில்லை.

ஏப்ரல் 19
டான்யூப் கரையில் வெகுநேரம். நெடுநெடுவென்று நிற்கும் அந்த வெண்கலச் சிலைக் குடும்பம், நாலு பேர். 1942 ஜனவரியில், நகரத்தைப் பிடித்திருந்த ஹங்கேரியப் படையினர் இங்கே 1,000 பேருக்கு மேல் கொன்றார்கள். பனியை உடைத்து உடல்களை இந்த ஆற்றுக்குள்தான் தள்ளினார்கள். இன்று தண்ணீர் பச்சையாக, அமைதியாகப் போகிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 20
சூப் முழுவதும் குடித்தாள்! கைதட்டாததைச் சொன்னேன். “வாசித்தவர் என்ன பாவம் செய்தார்?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 22
கதவு மூடியிருந்தது. பக்கத்துக் கட்டடம் பழைய யூதப் பள்ளி. இப்போது பாலே பள்ளி. கொண்டை போட்ட சிறுமிகள் படியிறங்கி ஓடினார்கள். அந்தச் சத்தம் நன்றாக இருந்தது. அவள் கேட்டதுதான் நாள் முழுக்க மனதில்.

ஏப்ரல் 24
ஏழு மணிக்கே தொலைபேசி. நேரில் வரச் சொல்கிறார்கள். அந்தத் தெரு வழியாகவே போகிறேன்.