சொல்ல முடியாது என்று சொன்னேன்

"அப்படியானால் இந்தக் காவல் நிலைய எல்லையில் நகைப் பறிப்பு ஏறவில்லை, இல்லையா?" என்று குற்றக் கணக்குகளைப் பார்க்கும் என்னிடம் அதிகாரி கேட்டார். "ஏறியதாகச் சொல்ல முடியாது, ஐயா" என்றேன். தலையசைத்துவிட்டுத் தாளைத் திருப்பினார். இரவு ரோந்து வேறு காவல் நிலைய எல்லைக்குப் போனது.

கணக்கில் பிழையில்லை, இன்று கேட்டாலும் அதையே போடுவேன். அதிகாரி கேட்ட எல்லையில் முந்தைய ஆண்டு நகைப் பறிப்பு வழக்குகள் 4, அந்த ஆண்டு 9. மக்கள்தொகை ஏறத்தாழ 30,000. லட்சம் பேருக்கு இத்தனை என்று மாற்றினால் 13 என்பது 30 ஆகிறது. பார்ப்பவருக்கு வயிறு கலங்கும். ஆனால் 4 வழக்குகளுக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது தற்செயலையும் கணக்கில் கொண்டால் உண்மையான அளவு இருக்கக்கூடிய வீச்சு, 1 முதல் 10 வரை, 9 வழக்குகளுக்கு 4 முதல் 17 வரை. அபாயம் துளியும் மாறாமலே, மொத்தம் 13 வழக்குகள் இரண்டு ஆண்டுகளுக்குள் இவ்வளவு ஏறுமாறாகப் பிரிய நான்கில் ஒரு வாய்ப்புக்கும் சற்று அதிகமாகவே உண்டு. மக்கள்தொகையும் 2011 கணக்கெடுப்பிலிருந்து நீட்டிய மதிப்பீடுதான். வரைபடத்தில் சிவப்பு பூசி ஒரு பகுதிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அந்தப் பெயர் வீட்டு வாடகை வரைக்கும் போகும்.

உறுத்துவது அந்தச் சொல்தான். "மழை வருமா?" என்றால் "சொல்ல முடியாது" என்போம், வந்தாலும் வரலாம் என்று பொருள். "நல்லவன் என்று சொல்ல முடியாது" என்றால் நல்லவன் இல்லை என்று பொருள். நான் முதல் பொருளில் சொன்னேன், அவர் இரண்டாவது பொருளில் எடுத்துக்கொண்டார். தலையசைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பேச்சு அடுத்த எல்லைக்குப் போய்விட்டது என்பது உண்மை. ஆனாலும் இடைவெளியின் மேல் முனை 17 என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த இடைவெளிகளைப் போட நான் பயன்படுத்திய பாய்சான் கணக்கு ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனி என்று எடுத்துக்கொள்கிறது. நகைப் பறிப்பு அப்படி நடப்பதில்லை. ஒரே பைக்கில் வரும் இருவர் ஒரே வாரத்தில் மூன்று தெருக்களில் கைவரிசை காட்டுவார்கள். அதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் அகலும். என் பதில் இன்னும் சரியாகும். ஆனால் ரோந்து அனுப்பவேண்டிய காரணமும் அதுவே அல்லவா? அந்த 9 வழக்குகளில் 4, பத்து நாட்களுக்குள் நடந்தவை. தேதிகள் என் மேசையில்தான் இருந்தன. நான் மொத்தத்தை மட்டும் கூட்டினேன்.

இருந்தது ஒரே வண்டி, எங்கு அனுப்பினாலும் ஓரிடம் விடுபடத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு எண்ணிக்கை 6. அது இரண்டு இடைவெளிகளுக்குள்ளும் அடங்குகிறது.