பிரபு வீட்டுச் சிரிப்பு

‘டௌன்டன் அபே’ தொலைக்காட்சித் தொடர் 2010இல் தொடங்கியதிலிருந்து, உதடு பிரியாமல் தேநீர் பருகும் ஆங்கிலப் பிரபுக்களைப் பயபக்தியோடு பார்த்து வருகிறோம். 2025இல் வந்த ‘ஃபேக்கம் ஹால்’ திரைப்படம் அந்தப் பக்தியைக் கந்தலாக்குகிறது. எழுதியவர்களில், விரசமான மேடை நகைச்சுவைக்குப் பேர்போன ஜிம்மி காரும் ஒருவர், நாசூக்கை எதிர்பார்க்காதீர்கள்.

கதை நடப்பது 1931இல். மாளிகை கைநழுவாமலிருக்க மகள் உறவுக்காரனையே மணக்க வேண்டும்; குலச்சின்னத்தின் லத்தீன் வாசகமும் கூச்சமின்றி அதையே முழங்குகிறது! இடையில் ஒரு ஜேப்படிக்காரன் வேலையாளாக நுழைகிறான். மாளிகைப் பிரபுவாக வரும் நடிகர் டேமியன் லூயிஸ் முகத்தில் ஒரு சுருக்கமில்லை. அசட்டுத்தனத்தை ஏதோ அரச கடமைபோல் நிறைவேற்றுகிறார். அதற்காகவே பார்க்கலாம். கொலை விசாரணை தொடங்கியதும் கொஞ்சம் தொய்வுதான்.

குடும்பத்தோடு பார்ப்பவர்கள் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.