அத்தை கடை பில்லும் ஜாவாவின் இன்னர் கிளாசும்

பினாங்கு லெபு பசாரில் அத்தை நடத்தும் மளிகைக் கடைக்காக ஜாவாவில் எழுதிவரும் பில் புரோகிராம் இந்த வாரம் கொஞ்சம் நகர்ந்தது. ஜாவா யூனிகோடு எழுத்துகளை ஏற்பதால் கிளாஸ் (ஆப்ஜெக்டுக்கான அச்சு), மெத்தட் (அது செய்யும் வேலை) பெயரெல்லாம் தமிழிலேயே. புள்ளிக்கும் கொம்புக்கும் கம்பைலர் (எழுதியதை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கருவி) முகம் சுளிக்கவில்லை.

'கடை' கிளாசுக்குள் 'பில்' ஓர் இன்னர் கிளாஸ், அதாவது உள்ளே எழுதிய கிளாஸ். அப்படி வைத்ததற்குக் காரணம் சில்லறை. 2008 ஏப்ரல் முதல் மலேசியாவில் ரொக்கத்துக்கு மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 காசுக்குச் சரிசெய்கிறோம். பருப்பை கிராம் கணக்கில் நிறுத்து 7 வெள்ளி (ரிங்கிட்) 83 காசு வந்தால் வாங்குவது 7.85; 82 என்றால் 7.80. அந்த விதி கடைக்கு உரியது. ஆகவே திருத்து(காசு) என்ற மெத்தட் கடையில் இருக்கிறது, அதுவும் பிரைவேட்டாக, வெளியார் கூப்பிட முடியாதபடி.

பில்லுக்குள்ளிருந்து திருத்து(மொத்தம்) என்று சும்மா கூப்பிட்டாலே ஓடுகிறது. ஒவ்வொரு பில் ஆப்ஜெக்டும் தான் எந்தக் கடையைச் சேர்ந்தது என்ற ரெஃபரன்ஸை மறைவாக வைத்திருப்பதுதான் சூட்சுமம். கம்பைல் ஆன கிளாசைப் பிரித்துக் காட்டும் ஜாவாபி போட்டுப் பார்த்தால் 'திஸ்$0' என்றொரு ஃபீல்ட் நிற்கிறது, நான் எழுதாதது! பிரைவேட்டைத் தொட ஜாவா 11க்கு முன்பு கம்பைலரே நடுவில் ஒரு மெத்தடைச் செருகும். இப்போது புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம்மே விட்டுவிடுகிறது.

சுவாரசியம் இனிமேல்தான். பில்லில் சரக்கை மாற்ற, அதற்குள்ளும் ஒரு திருத்து() வைத்தேன், ஆர்கியூமெண்ட் (அடைப்புக்குள் தரும் மதிப்பு) இல்லாமல். உடனே பழைய திருத்து(மொத்தம்) வரியில் சிவப்புக் கோடு. வெளியே காசு வாங்கும் திருத்து இருக்கிறதே, அதை ஓவர்லோடாக (ஒரே பெயரில் வேறு ஆர்கியூமெண்ட் வாங்கும் மெத்தடாக) எடுத்துக்கொள்ளக் கூடாதா? எடுக்காது. உள்ளிருந்து வெளியே தேடும்போது அந்தப் பெயர் முதலில் தட்டுப்படும் கிளாசோடு தேடல் முடிந்தது. ஆர்கியூமெண்ட்டைப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம். கடை.திஸ், அதாவது 'இந்தக் கடை', என்று சேர்த்துக் கடை.திஸ்.திருத்து(மொத்தம்) என்றதும் அடங்கியது. பெயர் மோதாவிட்டாலும் இப்படி எழுதுவதே எனக்குப் பிடிக்கிறது, படிப்பவருக்கு யாருடைய மெத்தட் என்று தெரியும்.

புரோகிராம் தொடங்கும் மெயின் மெத்தடில் நியூ பில்() என்றால் கம்பைலர் 'ஸ்டாட்டிக்' (எந்த ஆப்ஜெக்டையும் சாராதது) என்று முறைக்கும், ஏனென்றால் அங்கே கடை ஆப்ஜெக்டே இல்லை. அத்தைகடை.நியூ பில்() என்று எழுத வேண்டும். பார்க்கக் கோணல்தான், பழகிவிடும்.

'சரக்கு' கிளாசுக்குக் கடையிடம் கேட்க ஒன்றுமில்லை, அதை ஸ்டாட்டிக் ஆக்கிவிட்டேன். பைத்தானில் இந்த மறைமுக ரெஃபரன்ஸ் கிடையாது, கடையை நாமே கையில் கொடுக்க வேண்டும்.

கார்டில் கட்டுபவர்களுக்குச் சில்லறை திருத்த வேண்டாம் என்கிறார் அத்தை. ரொக்கத்துக்கு மட்டும் திருத்த, பில்லுக்குள் 'ரொக்கம்' என்று இன்னொரு இன்னர் கிளாஸ் போட்டேன். இரண்டு அடுக்கு உள்ளேயிருந்தும் கடை.திஸ் எட்டுகிறது.